ஐ பிலீவ் ஸோ

மரக்காணம்
10.2.2025

யுவராணி அண்ணிக்கு,

கலைமதி எழுதுவது. உங்கள் நம்பரை என் போனில் பிளாக் செய்திருக்கிறேன். சிக்னல் கிடைக்கவில்லையோ என்று நினைத்து நீங்கள் மாடிக்கும் தெருவுக்கும் நடக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள். நீங்கள் அழுதால் நான் இளகிவிடுவேன். இந்தத் தடவை இளகுவதாக இல்லை. இருசப்பன் அண்ணன் வானூருக்கு உப்பு ஏற்றிப் போகும்போது இடையஞ்சாவடி வழியாகத்தான் போகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதுவதாக இருந்தால் அவரிடமே கொடுங்கள்.

'நீங்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். எங்கள் அண்ணனுக்கு உங்களைப் பார்த்துக் கட்டிவைத்ததே நான்தான். கல்யாணத்துக்குப் பிறகும் நமக்குள் வாடி போடிதான். இப்போது மரியாதை கொடுத்துப் பழகுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமை மதியம் காப்பகத்தில் குழந்தைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பெண் செந்தமிழும்தான். நான் குப்பையைக் கொட்டிவிட்டு உள்ளே வந்து கேட்டின் கொண்டியைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது. மாயா ரோட்டுக்குப் போய் பைக்கில் அடிபட்டுக் கையை முறித்துக்கொண்டாள். மூன்று வயதுக் குழந்தை. அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

சாயந்திரம் காப்பகத்தை நடத்தும் ரூத் அம்மா கூப்பிட்டு விசாரித்தார். நான் தமிழில் சொன்னேன். நீங்கள் ஆபீஸில் வேலை பார்ப்பவர், இங்கிலீஷில் எடுத்துச் சொன்னீர்கள். கடைசியில் அவர் உங்களைப் பார்த்துத் தனியாக ஏதோ கேட்டார். நீங்கள் மூன்று வார்த்தை சொன்னீர்கள். அவர் முகம் மாறியது. மறுநாள் என்னை வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நேற்று சமையல்கட்டு சுலோசனா போன் செய்தாள். "உங்க அண்ணியே உறுதியா சொல்லலியாம் கலை. அதான் ரூத் அம்மாவுக்கு டவுட் வந்துடுச்சாம்" என்கிறாள்.

அந்த மூன்று வார்த்தை என்ன? ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுங்கள்.

கலைமதி

இடையஞ்சாவடி
14.2.2025

கலை,

நீ எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு. நான் 'நீ' என்றுதான் எழுதுவேன். 'நீங்கள்' என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு வாக்கியமே வரவில்லை.

உன் கடிதத்தை உங்கள் அண்ணன்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து தட்டைப் பார்த்துத்தான் "கொஞ்சம் ரசம்" என்கிறார். செந்தமிழ் காலையில் எழுந்ததும் "அத்த எங்க?" என்று கேட்கிறாள். அத்தை உப்பு அள்ளப் போயிருக்கிறாள் என்றேன். எனக்கும் ஒரு கூடை வேண்டும் என்று அழுகிறாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். காப்பகத்தில் நீ இல்லாமல் அவளை விட எனக்கு மனசு வரவில்லை. இது உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ரூத் அம்மா என்னிடம் கேட்டது, "டிட் ஷி குளோஸ் தி கேட்?" அவள் கேட்டைச் சாத்தினாளா? அதற்கு நான் சொன்னது, "ஐ பிலீவ் ஸோ."

அவ்வளவுதான். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. ஐ என்றால் நான். பிலீவ் என்றால் நம்பு. ஸோ என்றால் அப்படி. அப்படித்தான் நான் நம்புகிறேன். நம் இங்கிலீஷ் மிஸ் போர்டில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்த வார்த்தைதானே. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீயும்தான் ஒப்பித்தாய்.

'யெஸ்' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் யெஸ் என்பது எல்லாவற்றுக்கும் சொல்கிற வார்த்தை. டீ வேண்டுமா என்றாலும் யெஸ்தான். உனக்காகச் சொல்லும்போது கொஞ்சம் பெரிய வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. திரௌபதியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, அணைத்துச் சத்தியம் செய் என்று ரூத் அம்மா கேட்டிருந்தால் அங்கேயே உள்ளங்கையால் அணைத்திருப்பேன். அந்த மனசோடுதான் 'பிலீவ்' என்றேன்.

அவர் முகம் ஏன் மாறியது என்று எனக்கும் புரியவில்லை.

யுவராணி

மரக்காணம்
17.2.2025

அண்ணிக்கு,

உங்கள் விளக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா, "நம்புறேன்னுதானே சொல்லியிருக்கா, அதுல என்னடி தப்பு?" என்றார். எனக்கும் அதேதான் கேள்வி. என் நாத்தனாரை நம்புகிறேன் என்று நீங்கள் சொன்னதற்காகவா என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள்? ஒன்று, நீங்கள் வேறு ஏதோ சொல்லியிருக்கிறீர்கள். இல்லையென்றால் அந்த வார்த்தைக்கு வேறு ஏதோ அர்த்தம் இருக்கிறது. ஆபீஸில் உட்கார்ந்து தினமும் இங்கிலீஷ் பேசுகிறவர் நீங்கள்தான். கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

இங்கே நம்புவது என்றால் என்ன என்று யாரும் அகராதியைப் பார்ப்பதில்லை. உப்பள முதலாளி ஆதிமூலம் வெயிலை நம்பிப் பாத்தியில் தண்ணீர் கட்டுகிறார். அவரை நம்பி நாங்கள் விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்குகிறோம். என் பாதம் வெடித்து உப்புத்தண்ணீர் ஏறி எரிகிறது. அம்மா விளக்கெண்ணெய் தடவிவிட்டு, பழகிவிடும் என்கிறார். பழகிவிடக் கூடாது என்றுதான் பன்னிரண்டாவது வரை படித்தேன், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி எடுத்தேன்.

இங்கே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வரப்பில் போகிறவர்கள், "குழந்தைய ரோட்டுல விட்டுட்டியாமே" என்கிறார்கள். கேட் திறந்து கிடந்ததைவிட, நான் பொய் சொன்னேன் என்று அவர்கள் நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கலைமதி

இடையஞ்சாவடி
2.3.2025

கலை,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு ஒரே காரணம், அந்த வார்த்தையைத் துரத்திக்கொண்டிருந்தேன். இதற்கு முன்னால் எத்தனை ஆயிரம் தடவை காதில் விழுந்திருக்கும், ஒரு நாளும் கவனித்ததில்லை. இப்போது யாராவது 'பிலீவ்' என்றால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அவர்கள் வாயையே பார்க்கிறேன். ஒரு வெள்ளைக்காரப் பையன் நான் அவனைக் காதலிக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

முதலில் கேட்டது ரூத் அம்மாவிடம்தான். மாமரத்தில் பூ கொத்துக்கொத்தாக வந்திருப்பதைப் பார்த்து, "ஐ கான்ட் பிலீவ் இட்" என்றார். நம்ப முடியவில்லையாம். கண்ணெதிரே மரம் நிற்கிறது, அதில் பூ இருக்கிறது, அதில் நம்ப முடியாமல் போக என்ன இருக்கிறது? சந்தோஷம் வந்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள், கோபம் வந்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள். காப்பி கொட்டினாலும் நம்ப முடியவில்லை.

அப்புறம் பிளம்பர் தனகோடி. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் இரண்டே வார்த்தை, "பிலீவ் மீ". "பிலீவ் மீ மேடம், நாளைக்கு காலையில மொத வேலை உங்களுதுதான்." நாளைக்கு வரவே மாட்டார். 'பிலீவ் மீ' என்று ஒருவர் சொன்னால் அன்று குழாய் ரிப்பேர் ஆகாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தன்னார்வத் தொண்டுக்கு வந்திருக்கும் ஒரு பெண் கடவுளை நம்பமாட்டாளாம், மரங்களை நம்புவாளாம். அதற்கு 'பிலீவ் இன்' என்று ஒரு 'இன்' சேர்க்க வேண்டுமாம். விளையாட்டு அறையில் பொம்மை அடுப்பும் சட்டியும் வைத்திருக்கும் மூலையை 'மேக் பிலீவ் கார்னர்' என்பார்களே, நீ தினமும் கூட்டித் துடைத்த இடம். ஏதோ கம்பெனி பேர் என்றுதானே நாம் நினைத்தோம். பொய்யை நிஜம் மாதிரி வைத்து விளையாடும் மூலை என்று அர்த்தமாம். அதிலும் பிலீவ்தான்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாத விஷயம் புதன்கிழமை நடந்தது. ஒருவர் வந்து சென்னை பஸ் எத்தனை மணிக்கு என்று ரூத் அம்மாவிடம் கேட்டார். "ஐ பிலீவ் இட்ஸ் அட் ஃபோர்" என்றார். அந்த மனிதர் போய்ப் பார்த்தால் பஸ் முன்னமே போய்விட்டது. திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார். ரூத் அம்மாவுக்குக் கொஞ்சமும் சங்கடமில்லை. "ஐ செட் ஐ பிலீவ்" என்றார். நம்புகிறேன் என்றுதானே சொன்னேன், நாலு மணி என்று சொன்னேனா என்கிற மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, கலை. கதவைச் சாத்திவிட்டு அவரிடமே போய்க் கேட்டேன். 'ஐ பிலீவ் ஸோ' என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன் என்று அர்த்தமாம். நிச்சயமில்லாதபோது மரியாதையாகச் சொல்கிற பேச்சாம். உனக்காகப் பெரிய வார்த்தை என்று தேடி எடுத்து, இருக்கிறதிலேயே நோஞ்சான் வார்த்தையைக் கொடுத்திருக்கிறேன்.

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் நம்புகிறேன் என்றால் இப்படி இல்லை, என் நாத்தனாருக்கு நான் கொடுத்த வாக்கு அது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "யூ ஸா ஹெர் குளோஸ் இட்?" என்றார். நீ பார்த்தாயா? இல்லை என்றேன். நான் ஆபீஸில் இருந்தேன், பார்க்கவில்லை. "தென் யுவர் இங்கிலீஷ் வாஸ் கரெக்ட், யுவராணி" என்றார். அப்படியென்றால் உன் இங்கிலீஷ் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

சாத்திய கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மாயாவுக்குக் கட்டுப் போட்ட கையில் குழந்தைகள் எல்லாம் படம் வரைந்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறாள்.

யுவராணி

மரக்காணம்
5.3.2025

அண்ணிக்கு,

வார்த்தை ஆராய்ச்சியைப் படித்தேன். தனகோடி வரும் இடத்தில் சிரித்தும்விட்டேன். உடனே நிறுத்திக்கொண்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். கோட்டக்குப்பத்தில் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்காக ஒரு காப்பகம் ஏப்ரலில் திறக்கிறார்கள். நடத்துபவர் வைஜெயந்தி மேடம். நான் போய்ப் பார்த்தேன். அரை நாள் குழந்தைகளோடு விட்டுப் பார்த்தார், அவருக்குப் பிடித்துவிட்டது. "உங்க பழைய எடத்துல ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேம்மா" என்றார். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ ரூத் அம்மாவைப் பார்க்க நேரிலேயே வரப்போகிறார். கேட் விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். சாத்தினேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இந்த வேலை போனால் அப்புறம் குழந்தைகள் பக்கமே என்னை யாரும் விட மாட்டார்கள். பாத்திதான். அம்மாவின் முழங்காலைப் பார்க்கிறேன், எனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரிகிறது.

அதனால் நீங்கள் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். ரூத் அம்மாவிடம் போய், ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கலைமதி கொண்டியைப் போட்டாள் என்று சொல்லுங்கள். அந்த ஜன்னலிலிருந்து கேட் தெரியும், எனக்குத் தெரியும். முதலில் பயத்தில் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கற்பூரம் அணைக்கத் தயாராக இருந்தேன் என்று எழுதினீர்களே. கையைச் சுட்டுக்கொள்ளத் தயாரானவருக்கு, பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன வந்தது?

கலைமதி

இடையஞ்சாவடி
8.3.2025

கலை,

சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தேன், பார்த்தேன் என்று. வரவில்லை. நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பீரோவில் ஃபைல் தேடிக்கொண்டிருந்தேன். கற்பூரம் அணைப்பது வேறு, கலை. உன்னை நம்புகிறேன் என்பது உண்மை, அதற்காகக் கையைக் கொடுப்பேன். பார்த்தேன் என்பது பொய். அந்தப் பொய்யை வைத்து உனக்கு வேலை கிடைத்தால், நீ குழந்தைகளோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் என் பொய்தான் அங்கே காவல் நிற்கும். அது எனக்கு வேண்டாம்.

வேறு வழி தேடுகிறேன். என்னை அழுகிறவள் என்றுதானே எழுதினாய். இதை எழுதும்போது அழவில்லை.

யுவராணி

மரக்காணம்
11.3.2025

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் உண்மையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இருசப்பன் அண்ணனை இனி உங்கள் தெருவில் வண்டியை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கலைமதி

இடையஞ்சாவடி
22.3.2025

கலை,

இருசப்பன் அண்ணன் நிறுத்தாமல்தான் போனார். நான் நடுரோட்டில் போய் நின்றேன். "ஏம்மா, வண்டில லோடு இருக்குது, பிரேக்கு புடிக்காது" என்று திட்டினார். திட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். அவர்மேல் கோபப்படாதே.

போன வாரம் விளையாட்டு அறையில் இரண்டு குழந்தைகளுக்குள் சண்டை. சிவப்பு கிரையானை யாரோ உடைத்துவிட்டார்கள். ஒருத்தி நான் இல்லை என்று தேம்பித் தேம்பி அழுகிறாள். ரூத் அம்மா அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, "ஐ பிலீவ் யூ" என்றார். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. பிற்பாடு நான் கேட்டேன், உடைத்தது அவள் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றார். தெரியாமலே எப்படி பிலீவ் என்றீர்கள் என்றேன். அவளைத்தான் நம்புகிறேன் என்றேன், கிரையானைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லையே என்றார்.

அன்று சாயந்திரம் முழுக்க அதே யோசனைதான். 'ஸோ' என்று முடித்தால் நடந்த விஷயத்தைப் பற்றிப் பேசுகிறோம். 'யூ' என்றோ 'ஹெர்' என்றோ முடித்தால் ஆளைப் பற்றிப் பேசுகிறோம். அவள் சாத்தினாளா என்று ரூத் அம்மா கேட்டது விஷயத்தை. நான் சொல்ல நினைத்தது உன்னைப் பற்றி. சரியான வார்த்தையை எடுத்து, கடைசியில் தப்பான வாலை ஒட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை வைஜெயந்தி மேடம் வந்தார். ரூத் அம்மா அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானே கதவைத் தட்டி உள்ளே போனேன், கலைமதி விஷயமாக நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். ரூத் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

அவர் பழைய கேள்வியையே கேட்டார். "டிட் ஷி குளோஸ் தி கேட், யுவராணி?"

"ஐ டோன்ட் நோ" என்றேன். "ஐ டிட் நாட் ஸீ."

வைஜெயந்தி மேடம் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், கிளம்பப் போகிறவர் மாதிரி.

"பட் ஐ பிலீவ் ஹெர்" என்றேன்.

ரூத் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஹெர்?"

"யெஸ். நாட் ஸோ. ஹெர்."

வைஜெயந்தி மேடம் தமிழில் கேட்டார். "பாக்காத விஷயத்த எப்படிங்க சொல்றீங்க? நாத்தனாருங்கிறதாலயா?"

"நாத்தனாருங்கிறதாலன்னா பாத்தேன்னே சொல்லியிருப்பேங்க. அவளே அப்படி சொல்லச் சொன்னா, நான் முடியாதுன்னுட்டேன்" என்றேன். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், கலை. அதை மறைத்தால் மற்றதும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. "அவ தெரிஞ்சே பொய் சொல்ற ஆளு இல்லீங்க. பதினஞ்சு வருஷமா பாக்குறேன். அன்னைக்கு என் பொண்ணும் அதே ரூம்லதான் தூங்கிட்டிருந்தா. வெளிய போனது என் பொண்ணா இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன். உங்க எடத்துல கலைமதி சேந்தா, மொத அட்மிஷன் என் பொண்ணு."

ரூத் அம்மாவுக்கு நான் சொன்னது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மேஜைமேல் இருந்த தண்ணீரை என் பக்கம் தள்ளிவைத்தார். வைஜெயந்தி மேடம், "பொண்ணு பேரு என்னங்க?" என்றார். செந்தமிழ் என்றேன்.

வேலை உனக்குத்தான் என்று கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார். உன்னிடம் போனில் சொல்வார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

யுவராணி

மரக்காணம்
26.3.2025

யுவா,

வைஜெயந்தி மேடம் போன் செய்தார். ஏழாம் தேதி திங்கட்கிழமை வரச் சொன்னார். அம்மா பூமீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து என் நெற்றியில் விபூதி பூசினார். நான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நீ செந்தமிழை அனுப்ப மாட்டாய். பரவாயில்லை.

போன வாரம் சாயந்திரம் பாத்தி வேலை முடிந்து ஏறும்போது ஆதிமூலம், "மடைய அடைச்சியா கலை?" என்று கேட்டார். கால்வாயிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் போகும் வழியைச் சேறு வைத்து அடைப்பதுதான் தினமும் என் கடைசி வேலை. "அடைச்சேன்" என்றேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். சைக்கிளை எடுக்கப் போனவள் எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தால் மடை திறந்து கிடக்கிறது. புதுத் தண்ணீர் பாய்ந்து, உப்பு முதிர்ந்து வந்த பாத்தி பாழாகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அடைத்தேன். ஆனால் நான் பொய் சொல்லவில்லை, யுவா. அடைத்தேன் என்று சொன்னபோது சேற்றின் ஈரம்கூட என் கையில் இருப்பதாகத் தோன்றியது. அது முந்தின நாள் ஈரம்.

அன்று ராத்திரி அம்மா, "அந்தக் கேட்டு கொண்டிய நீ போட்டதானே?" என்று சும்மா கேட்டார். "போட்டிருப்பேன்னு நம்புறேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ரூத் அம்மா பஸ்ஸுக்குச் சொன்ன அதே பிலீவ். தமிழிலும் அப்படி வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

எனக்குத் தெரியவில்லை, யுவா. நான் கொண்டியைப் போட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை நூறு தடவை போட்டிருக்கிறேன், அதில் எந்தத் தடவை அந்த வெள்ளிக்கிழமை என்று பிரித்தெடுக்க முடியவில்லை. தண்ணீர் கேன் போடும் ஆள் திறந்திருக்கலாம். நானே போடாமல் விட்டிருக்கலாம். என்னாலேயே பார்க்க முடியாததால்தான் 'பார்த்தேன்' என்று உன்னைச் சொல்லச் சொன்னேன் போலிருக்கிறது. யாராவது பார்த்திருந்தால் நானும் தூங்கலாமே என்று.

உன் பெண்ணை என்னிடம் விடாதே. நீ விட்டால் நான் பயத்தில் செத்துப்போவேன்.

கலை

இடையஞ்சாவடி
29.3.2025

கலை,

உன் கடிதத்தை உங்கள் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்து, தட்டைப் பார்த்து அல்ல, "அனுப்பு" என்றார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

கொண்டியைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தெரிந்தே பொய் சொல்ல மாட்டாள் என்றேன். வேலை கையில் வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாக எழுதியிருக்கிறாய், அதுவும் என்னிடம். நான் சொன்னது தப்பில்லை என்று எனக்கு இன்னும் என்ன வேண்டும்?

ஆனால் இது என்னோடு நிற்கக் கூடாது. வைஜெயந்தி மேடத்திடம் நீயே சொல்லிவிடு. மாயாவின் அம்மாவிடமும் சொல். அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள். வேலை போனால் போகட்டும், இரண்டு பேரும் சேர்ந்து வேறு தேடுவோம். வேலை இருந்தால் திங்கட்கிழமை காலை செந்தமிழைக் கொண்டுவருகிறேன். கேரட்டைத் துப்புவாள், அரைத்துக் கொடு.

யுவா

மரக்காணம்
4.4.2025

யுவா,

இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். மாயாவின் அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் குழந்தையைக் கூப்பிட்டு, "கைய காட்டு" என்றார். மாயா கையை நீட்டி மடக்கிக் காட்டினாள். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வைஜெயந்தி மேடம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தெரியலன்னு சொல்ற ஆளுதான் எனக்கு வேணும். தெரியும் தெரியும்ன்றவங்கள நெறய பாத்துட்டேன்" என்றார். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். வேலை இருக்கிறது.

உன் நம்பரை இன்று காலையில் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதை மட்டும் எழுதியே அனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு மறந்துவிடுவாய்.

திங்கட்கிழமை செந்தமிழைக் கொண்டு வா. கேட்டுக்கு வெளியே நின்று என் கையில் கொடு. நான் உள்ளே வாங்கிக்கொண்டு கொண்டியைப் போடுவேன். போட்டதும் உடனே வண்டியைக் கிளப்பாதே. வெளியிலிருந்து கேட்டை ஒருமுறை நன்றாகத் தள்ளிப் பார். செவ்வாய்க்கிழமையும் தள்ளிப் பார். மழை பெய்தாலும், ஆபீஸுக்கு லேட் ஆனாலும் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். என்னை நம்பிவிட்டுத் தள்ளாமல் போனாய் என்று வை, மறுபடியும் உன்னை 'நீங்கள்' என்பேன்.

கலை